குழந்தைக்கு ஸ்கேன்: எப்போது, எவ்வளவு?

எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன், அணு மருத்துவ ஸ்கேன் ஆகியவை கதிர்வீச்சைக் கொண்டு உடலின் உள்ளே பார்க்கின்றன. அல்ட்ராசவுண்ட் ஒலி அலைகளையும், எம்.ஆர்.ஐ. காந்தப்புலத்தையும் ரேடியோ அலைகளையும் பயன்படுத்துகின்றன. இவ்விரண்டிலும் அந்தக் கதிர்வீச்சு கிடையாது. குழந்தைக்குப் பலமுறை அல்ட்ராசவுண்ட் எடுத்துவிட்டோமே என்று மனம் கலங்கும் பெற்றோர் உண்டு. கதிர்வீச்சைப் பொறுத்தவரை அந்தக் கவலைக்கு இடமே இல்லை. யோசிக்க வேண்டியவை முதல் மூன்றும்தான். அவற்றிலும் முக்கியமாக சி.டி.

எக்ஸ்ரே கதிர் உடலைக் கடக்கும்போது திசுக்களில் உள்ள அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிடுங்கி எறிகிறது. அதனால் செல்லின் டி.என்.ஏ. இழை அறுபடலாம். அறுந்ததை ஒட்டும் ஏற்பாடு செல்லுக்குள் ஓயாமல் இயங்குவதால் பெரும்பாலான அறுபடல்கள் சரியாகிவிடும். சரியாகாத செல்களில் பல செத்துப்போகும். மிக அரிதாக ஒரு செல் தவறாக ஒட்டப்பட்ட இழையோடு பிழைத்துப் பெருகி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாகலாம். நோயறியும் படங்களைப் பற்றிய அச்சமெல்லாம் இந்த ஒன்றைப் பற்றியதுதான். இந்தக் குறைந்த அளவுகளில் தோல் வெந்துபோவதோ முடி கொட்டுவதோ இல்லை. எக்ஸ்ரேயும் சி.டி.யும் எடுத்து முடித்த பின் உடலில் கதிர் எதுவும் தங்குவதும் இல்லை.

எவ்வளவு கதிர் என்பதை மில்லிசீவர்ட் என்ற அலகால் அளக்கிறார்கள். மண்ணிலிருந்தும், காற்றில் கலந்துள்ள ரேடான் வாயுவிலிருந்தும், விண்வெளியிலிருந்தும், உணவிலிருந்தும் ஒவ்வொரு மனிதருக்கும் ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வந்து சேர்கிறது. ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் கிடைப்பது சுமார் 0.02 மில்லிசீவர்ட், அதாவது மூன்று நாளில் இயற்கையாக வந்து சேரும் அளவு. ஐந்து வயதுக் குழந்தையின் தலை சி.டி. சுமார் 2 மில்லிசீவர்ட். அது நூறு நெஞ்சு எக்ஸ்ரேக்களுக்குச் சமம். வயிற்று சி.டி. சுமார் 5, இயந்திரத்தை எப்படி அமைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து இதைவிட இரண்டு மூன்று மடங்காகவும் இருக்கலாம். கை எலும்பு முறிவுக்கும் பல்லுக்கும் எடுக்கும் எக்ஸ்ரேக்கள் நெஞ்சு எக்ஸ்ரேயைவிடவும் குறைவு. எக்ஸ்ரேயையும் சி.டி.யையும் ஒரே தட்டில் வைத்துப் பயப்படுவதோ, ஒரே தட்டில் வைத்துத் துணிவதோ சரியாகாது.

இயற்கைக் கதிர்வீச்சு எல்லா ஊரிலும் ஒரே அளவில் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் கருநாகப்பள்ளி, சவறா கடற்கரையிலும் மணலில் தோரியம் கொண்ட மோனசைட் கலந்திருப்பதால் அங்கே இது பல மடங்கு அதிகம். கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பத்தாண்டுக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வு, புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை என்று 2009-இல் அறிவித்தது. ஆறுதலான முடிவுதான். ஆனாலும் அதில் சேர்க்கப்பட்டவர்கள் 30 வயதைத் தாண்டியவர்கள். அவர்களுக்குக் கிடைத்த கதிர் ஆண்டு முழுதும் பரவி, சிறுகச் சிறுக வந்தது. சில நொடிகளில் மொத்தமாகக் கதிரைப் பெறும் ஒரு குழந்தையின் கேள்விக்கு அந்த மணல் பதில் சொல்வதில்லை.

குழந்தைகளைத் தனியாகப் பேசுவதற்குக் காரணங்கள் உண்டு. வளரும் உடலில் செல்கள் வேகமாகப் பிரிகின்றன. பிரியும் செல்லில் டி.என்.ஏ. பழுது நிலைத்துவிடும் வாய்ப்பு அதிகம். கதிரால் வரும் புற்றுநோய் வெளிப்படப் பத்து, இருபது, நாற்பது ஆண்டுகள்கூட ஆகலாம். எழுபது வயதுக்காரருக்கு இல்லாத அந்தக் காலம் இரண்டு வயதுக் குழந்தையின் முன்னே நீண்டு கிடக்கிறது. மூன்றாவது காரணம் உடலின் அளவு. பெரியவருக்கென்று அமைத்த கதிரையே சிறிய உடலில் செலுத்தினால், கதிரைத் தடுக்கத் தசையும் கொழுப்பும் குறைவாக இருப்பதால், உள்ளுறுப்புகள் கூடுதலாக வாங்கிக்கொள்கின்றன. முதல் இரண்டும் இயற்கை வைத்தவை. மூன்றாவதை மாற்றுவது முழுக்க மனிதர் கையில் இருக்கிறது.

அணுக்கதிர்வீச்சின் விளைவுகளை ஆராயும் ஐ.நா. அறிவியல் குழு, 2013-இல் குழந்தைகளைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. புற்றுநோய் வகைகளில் சுமார் கால்பங்கில் குழந்தைகள் பெரியவர்களைவிட எளிதில் பாதிக்கப்படுகிறார்கள் என்கிறது அது. ரத்தப்புற்றுநோய், தைராய்டு, மார்பகம், மூளை, தோல் ஆகியவை இதில் அடங்கும். நுரையீரல் புற்றுநோய் போன்ற சிலவற்றில் குழந்தைகளுக்கு ஆபத்து குறைவு என்றும் அதே அறிக்கை சொல்கிறது. குழந்தைக்கு எதிலும் இத்தனை மடங்கு ஆபத்து என்று ஒரே எண்ணைச் சொல்வது உண்மையாகாது.

இந்த அறிவு பெரும் விலை கொடுத்துப் பெறப்பட்டது. ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் 1895 நவம்பர் 8 அன்று ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டறிந்த பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகம் அதைக் கூச்சமின்றிக் குழந்தைகள்மேல் பாய்ச்சியது. 1920-களிலிருந்து அமெரிக்க, பிரிட்டன் செருப்புக் கடைகளில் குழந்தையின் பாதம் செருப்புக்குள் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே பெட்டிகள் இருந்தன. பென்சில்வேனியா மாநிலம் 1957-இல்தான் அவற்றைத் தடைசெய்தது. இஸ்ரேலில் 1940-களின் இறுதியிலிருந்து 1960 வரை, தலைப்படையை ஒழிக்க முடியை உதிரச் செய்வதற்காக, புதிதாகக் குடியேறிய குடும்பங்களின் 10,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தலையில் எக்ஸ்ரே செலுத்தினார்கள். பின்னாளில் அவர்களிடையே மூளைக்கட்டியும் தைராய்டு புற்றுநோயும் கூடுதலாகத் தோன்றின. படையைக் குணப்படுத்தும் மாத்திரை சீக்கிரமே வந்துவிட்டது. கொடுத்த கதிரை மட்டும் திரும்பப் பெற வழியில்லை.

படமெடுக்கும் எக்ஸ்ரேயின்மேல் முதல் சந்தேகத்தை எழுப்பியவர் ஆக்ஸ்போர்டு மருத்துவர் ஆலிஸ் ஸ்டுவர்ட். புற்றுநோயால் இறந்த பிரிட்டன் குழந்தைகளின் தாய்மார்களிடம் கர்ப்ப காலத்தில் நடந்தவற்றையெல்லாம் அவர் கேட்டுப் பதிந்தார். வயிற்றில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட தாய்மார், நலமாக இருந்த குழந்தைகளின் தாய்மாரோடு ஒப்பிட்டால், அந்தக் கூட்டத்தில் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தார்கள். 1956-இல் அவர் இதை எழுதியபோது மருத்துவ உலகம் எளிதில் ஏற்கவில்லை. அமெரிக்காவில் பிரையன் மக்மஹோன் 1962-இல் தனியாக ஆராய்ந்து ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தார். கர்ப்பிணிகளுக்கு வாடிக்கையாக எக்ஸ்ரே எடுக்கும் பழக்கம் ஒழிந்ததில் ஸ்டுவர்ட்டின் பங்கு பெரிது.

சிறு சிறு அளவுகள் சேர்ந்தால் என்னவாகும் என்பதை முதுகெலும்பு வளைந்த பெண்பிள்ளைகளின் கதை காட்டியது. அமெரிக்காவில் 1912-க்கும் 1965-க்கும் இடையே இந்த வளைவுக்கு மருத்துவம் பார்த்துக்கொண்ட பெண்களுக்குச் சராசரியாக 25 எக்ஸ்ரே எடுக்கப்பட்டிருந்தது. மார்பகம் வளரும் பருவத்தில், கதிர் முன்பக்கமிருந்தே நுழைந்தது. பிற்காலத்தில் அவர்கள் மார்பகப் புற்றுநோயால் இறந்தது, எதிர்பார்த்ததைவிட சுமார் 70 சதவீதம் அதிகம். இன்று அதே படத்தை முதுகுப்பக்கமிருந்து கதிரைச் செலுத்தி எடுக்கிறார்கள். பிள்ளையைத் திருப்பி நிற்கவைப்பது மட்டும்தான் மாற்றம். மார்பகத்துக்குச் சேரும் கதிர் பெருமளவு குறைந்துவிடுகிறது.

சி.டி. ஸ்கேன் பிறந்தது லண்டனின் விம்பிள்டன் பகுதி மருத்துவமனை ஒன்றில். காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய இயந்திரம் 1971 அக்டோபர் 1 அன்று ஒரு பெண்ணின் மூளையில் இருந்த கட்டியைப் படம்பிடித்தது. அதுவரை மண்டையைத் திறக்காமல் பார்க்க முடியாதிருந்ததைப் பார்க்க முடிந்தது. 1979-இல் ஹவுன்ஸ்ஃபீல்டும் ஆலன் கார்மக்கும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். 1990-களில் இயந்திரங்கள் வேகமெடுத்தன. அசையாமல் கிடக்க மறுக்கும் குழந்தையை மயக்கம் கொடுக்காமலே சில நொடிகளில் ஸ்கேன் செய்ய முடிந்ததும் எண்ணிக்கை ஏறியது.

2001 தொடக்கத்தில் ஓர் அமெரிக்கக் கதிரியல் இதழில் வந்த இரண்டு கட்டுரைகள் மருத்துவர்களை உலுக்கின. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டேவிட் பிரென்னர் குழு, ஒரு வயதுக் குழந்தைக்கு எடுக்கும் ஒரு வயிற்று சி.டி.யால் பின்னாளில் புற்றுநோயால் இறக்கும் கூடுதல் வாய்ப்பு சுமார் 0.18 சதவீதம் என்று கணக்கிட்டது. இன்னொரு கட்டுரை, பல மருத்துவமனைகள் பெரியவருக்கான அமைப்பை மாற்றாமல் குழந்தைக்கும் பயன்படுத்துவதைக் காட்டியது. இரண்டாவதுதான் கூடுதலாக வருந்த வேண்டியது. கணக்கு விவாதத்துக்குரியது, ஒரு பொத்தானைத் திருப்பினால் குறைந்திருக்கக்கூடிய கதிரைக் குழந்தையின் உடலில் கொட்டியதற்கு விளக்கம் ஏதுமில்லை.

பிரென்னரின் கணக்கு ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர்தப்பியவர்களின் தரவிலிருந்து வருவிக்கப்பட்டது. ஸ்கேன் எடுத்த குழந்தைகளையே நேரடியாகப் பின்தொடர்ந்த முதல் பெரிய ஆய்வு, 2012-இல் பிரிட்டனிலிருந்து வந்தது. 1985-க்கும் 2002-க்கும் இடையே சிறுவயதில் சி.டி. எடுத்த சுமார் 1,78,000 பேரை மார்க் பியர்ஸ் குழுவினர் ஆராய்ந்தார்கள். பத்து வயதுக்குட்பட்ட 10,000 பேருக்கு ஒரு தலை சி.டி. எடுத்தால், அடுத்த பத்தாண்டில் கூடுதலாக ஒருவருக்கு ரத்தப்புற்றுநோயும் ஒருவருக்கு மூளைக்கட்டியும் வரலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. ஒளிந்திருந்த நோய்தான் ஸ்கேன் எடுக்கக் காரணமாகி, பழி ஸ்கேன்மேல் விழுகிறதோ என்று அப்போது பலர் கேட்டார்கள்; கேட்க வேண்டிய கேள்விதான். அதைக் கருத்தில்கொண்டு ஒன்பது ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து ஏறத்தாழ பத்து லட்சம் பேரை ஆராய்ந்தன. 2022-இலும் 2023-இலும் வந்த அதன் முடிவுகள் பியர்ஸ் சொன்னதற்கு அருகிலேயே நின்றன: 10,000 குழந்தைகளுக்கு ஒரு மூளைப் புற்றுநோய், ஒன்று அல்லது இரண்டு ரத்தப்புற்றுநோய்.

அந்த ஆய்வுகள் பார்த்த காலத்துக்குள் 10,000-இல் 9,997 குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகாது என்பதுதான் இந்த எண்ணின் முதல் செய்தி. ஸ்கேன் தேவைப்படும் குழந்தையின் பெற்றோர் இதைப் பற்றிக்கொள்ளலாம். ஆனால் லட்சக்கணக்கில் எடுக்கப்படும்போது அந்த மூன்றும் கூடிக்கொண்டே போகிறது. அமெரிக்காவில் ஆண்டுக்குக் குழந்தைகளுக்கு எடுக்கப்படும் சுமார் 40 லட்சம் சி.டி.க்களால் பின்னாளில் 4,870 புற்றுநோய்கள் வரலாம் என்று 2013-இல் ஓர் ஆய்வு கணித்தது. மிக அதிகக் கதிர் தரும் கால்பங்கு ஸ்கேன்களை மட்டும் நடுத்தர அளவுக்கு இறக்கினாலே அவற்றில் 43 சதவீதத்தைத் தவிர்க்கலாம் என்றும் அதே ஆய்வு சொன்னது. ஸ்கேனைக் குறைக்காமலே, ஸ்கேனின் அளவைக் குறைப்பதால் மட்டும் கிடைக்கும் பலன் இது.

மறுபக்கம், படமெடுப்பதன் பலனும் எடை குறைந்ததல்ல. குழந்தை எதையோ விழுங்கிவிட்டது. நாணயமா, பொம்மைக்குள் இருந்த பட்டன் பேட்டரியா என்று தெரியவில்லை. நாணயம் உணவுக்குழாயில் சில மணி நேரம் இருந்தாலும் பெரும்பாலும் கெடுதி செய்யாது. பேட்டரி அங்கே சிக்கினால் மின்னோட்டத்தால் காரப்பொருள் உருவாகி இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். ஓட்டை விழுந்து, பக்கத்துப் பெரிய ரத்தக்குழாய் கிழிந்து இறந்த குழந்தைகள் உண்டு. எக்ஸ்ரேயில் நாணயம் ஒரே வட்டமாகத் தெரியும். பேட்டரியின் விளிம்பு இரட்டை வளையமாகத் தெரியும். அந்த ஒரு படம் உடனே எண்டோஸ்கோப்பி அறைக்கு ஓடுவதா, காத்திருப்பதா என்று முடிவுசெய்துவிடுகிறது. மூச்சுக்குழாயில் சிக்கிய வேர்க்கடலையும் புளியங்கொட்டையும் எக்ஸ்ரேயில் தெரியாது. ஒரு பக்க நுரையீரல் உப்பியோ சுருங்கியோ இருப்பது மட்டும் சில சமயம் காட்டிக்கொடுக்கும்.

வலிப்பு நோயில் சி.டி. செய்த உதவியின் ஓர் அத்தியாயம் தமிழ்நாட்டில் எழுதப்பட்டது. இந்தியாவில் வலிப்பு வந்த பிள்ளைகள் பலரின் மூளையில் ஒற்றைச் சிறு புள்ளி ஒன்று சி.டி.யில் தெரிந்தது. அது காசநோய்க் கட்டி என்று கருதி மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுக்கப்பட்டுவந்தது. 1980-களின் இறுதியில் வேலூர் சி.எம்.சி.யின் நரம்பியல் அறுவை மருத்துவர்கள் அத்தகைய புள்ளிகளை எடுத்து ஆராய்ந்து, பெரும்பாலானவை நாடாப்புழுவின் முட்டை வழியாக வந்த நீர்க்கட்டிகள் என்று காட்டினார்கள். பல நேரங்களில் தானாகவே மறைந்துவிடும் ஒன்றுக்காகப் பிள்ளைகள் தேவையில்லாத மருந்தைச் சாப்பிடுவது அதனால் குறைந்தது.

எப்போது எடுப்பது, எப்போது பொறுப்பது என்ற கேள்வி மிகக் கூர்மையாக எழுவது தலையில் அடிபடும்போதுதான். கட்டிலிலிருந்து விழுந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோருக்கும், எதையாவது தவறவிட்டுவிடுவோமோ என்று அஞ்சும் மருத்துவருக்கும் சி.டி. ஓர் ஆறுதல். வட அமெரிக்காவின் 25 அவசர சிகிச்சைப் பிரிவுகளில், நினைவு தெளிவாக இருந்த நிலையில் தலைக்காயத்தோடு வந்த 42,412 குழந்தைகளை ஆராய்ந்து, 2009-இல் நேதன் குப்பர்மேன் குழுவினர் வெளியிட்ட முடிவு அந்த ஆறுதலின் விலையை அளந்தது. மூன்றில் ஒருவருக்கு மேல் சி.டி. எடுக்கப்பட்டிருந்தது. கவலைப்படத்தக்க மூளைக்காயம் இருந்தது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. அறுவை சிகிச்சை தேவைப்பட்டது ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு.

அவர்கள் வகுத்த விதி எளியது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வழக்கமான விழிப்போடு இருக்கிறதா. நெற்றியைத் தவிர மற்ற இடத்தில் புடைப்பு இல்லையா. ஐந்து நொடிக்கு மேல் மயங்கவில்லையா. பலமான விபத்தோ மூன்றடிக்கு மேலான உயரத்திலிருந்து விழுந்ததோ இல்லையா. தடவிப் பார்த்தால் எலும்பு முறிவு தட்டுப்படவில்லையா. எப்போதும்போல இருக்கிறது என்று பெற்றோர் சொல்கிறார்களா? ஆறுக்கும் பதில் நல்லதாக இருந்த 1,176 குழந்தைகளை வைத்து விதியைச் சோதித்தபோது, ஒருவருக்குக்கூட முக்கியமான காயம் இல்லை. பெரிய பிள்ளைகளுக்கு மயக்கம், வாந்தி, கடுமையான தலைவலி, மண்டையின் அடிப்பாக எலும்பு முறிந்த அறிகுறி, ஐந்தடிக்கு மேலான வீழ்ச்சி போன்றவற்றைப் பார்க்கிறார்கள். நினைவு குழம்பியிருந்தாலோ மண்டை எலும்பு முறிந்திருந்தாலோ தயங்காமல் சி.டி. எடுக்க வேண்டும். இடைப்பட்ட நிலையில், காயம்பட்டதிலிருந்து பொதுவாக 4 முதல் 6 மணி நேரம் மருத்துவமனையில் வைத்துக் கவனிப்பது நல்ல வழி. தாயின் வாய்ச்சொல் இந்த விதியில் ஒரு மருத்துவச் சான்றாகவே இடம்பெற்றிருப்பது கவனிக்கத்தக்கது. பெற்றோர், "எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க டாக்டர்" என்று வற்புறுத்துவதைவிட, குழந்தை எப்படி விழுந்தது, உடனே அழுததா, பால் குடித்ததா, எத்தனை முறை வாந்தி எடுத்தது என்று துல்லியமாகச் சொல்வது அதிகம் உதவும்.

வேறு பல நிலைகளிலும் படம் தேவைப்படுவதில்லை. ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடையே, காய்ச்சலோடு உடல் முழுதும் சில நிமிடம் வெட்டி, பிறகு குழந்தை தெளிந்துவிடும் சாதாரணக் காய்ச்சல் வலிப்புக்கு மூளை ஸ்கேன் வேண்டியதில்லை. காய்ச்சல் இல்லாமல் வருவதும், ஒரு பக்கம் மட்டும் வெட்டுவதும் வேறு. ஒவ்வொரு வீசிங்குக்கும் நெஞ்சு எக்ஸ்ரே, சாதாரணச் சளிக்கு சைனஸ் எக்ஸ்ரே, மலச்சிக்கலுக்கு வயிற்று எக்ஸ்ரே ஆகியவை சிகிச்சையை மாற்றுவது அரிது. குடல்வால் அழற்சிக்கும், குடல் சொருகலுக்கும், சிறுநீரக வீக்கத்துக்கும் அல்ட்ராசவுண்டே முதலில் வர வேண்டும். ஒல்லியான குழந்தையின் உடலில் அது பெரியவர்களைவிடத் தெளிவாகக் காட்டும். பச்சிளங்குழந்தையின் உச்சிக்குழி மூடாதிருப்பதால், அந்தச் சாளரம் வழியே மூளையையும் அல்ட்ராசவுண்டில் பார்த்துவிடலாம். எம்.ஆர்.ஐ. கதிரற்றது என்றாலும் நீண்ட நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். சிறு குழந்தைக்கு மயக்கமருந்து தேவைப்படலாம், அதற்கும் அபாயம் உண்டு. நள்ளிரவில் விபத்தோடு வந்த குழந்தைக்கு சி.டி.யே உயிர்காக்கும் தேர்வு.

எடுப்பதென்று முடிவான பின் கதிரைக் குறைக்கும் வழிகள் ரேடியாலஜிஸ்ட், டெக்னீஷியன் கையில். குழந்தையின் எடைக்கேற்ப மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் குறைப்பது முதல் வேலை. வயிறு பற்றிய கேள்விக்கு வயிற்றை மட்டும் எடுக்க வேண்டும். நெஞ்சிலிருந்து தொடை வரை நீட்டக் கூடாது. சாய மருந்து ஏற்றுவதற்கு முன்பும் பின்பும் இரண்டு முறை எடுத்தால் கதிர் இரட்டிப்பாகிறது. குழந்தைகளில் பெரும்பாலும் ஒருமுறையே போதும். 2008-இல் அமெரிக்கக் குழந்தைக் கதிரியல் மருத்துவர்கள் முன்னின்று தொடங்கிய 'இமேஜ் ஜென்ட்லி' இயக்கம் இந்த எளிய மாற்றங்களையே உலகெங்கும் கொண்டுசென்றது.

பெற்றோர் பலர் கேட்கும் ஈய ஏப்ரன் பற்றிய கருத்து அண்மையில் மாறியிருக்கிறது. பிறப்புறுப்பின்மேல் ஈயத் தகட்டை வைக்கும் வழக்கத்தைக் கைவிடலாம் என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர்கள் சங்கம் 2019-இல் அறிவித்தது. இன்றைய இயந்திரங்களில் அந்த உறுப்புக்குச் சேரும் கதிர் மிகக் குறைவு. தகடு இடம் மாறி அமர்ந்தால் பார்க்க வேண்டிய இடம் மறைந்து படத்தைத் திரும்ப எடுக்க நேரிடும். தானாக அளவைத் தீர்மானிக்கும் இயந்திரம் தகட்டைக் கண்டு கதிரைக் கூட்டிவிடவும் கூடும். குழந்தையைப் பிடித்துக்கொள்ள உள்ளே நிற்கும் பெரியவருக்கு மட்டும் ஏப்ரன் கட்டாயம் வேண்டும். கர்ப்பிணி அந்த வேலைக்கு நிற்கக் கூடாது.

இந்தியாவில் 1983-இல் நிறுவப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இல்லாமல் சி.டி. மையம் இயங்க முடியாது. பெற்றோருக்குச் சில கேள்விகள் கேட்க உரிமை உண்டு: இந்தப் படம் சிகிச்சையை எப்படி மாற்றும், அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ இதைச் சொல்லாதா. இயந்திரம் குழந்தையின் எடைக்கு அமைக்கப்பட்டிருக்கிறதா? சி.டி. திரையில் ஒவ்வொரு ஸ்கேனின் கதிரளவும் பதிவாகிறது. அதை அறிக்கையில் சேர்த்துத் தரச் சொல்லலாம். ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பழைய படங்களின் ஃபிலிமும் குறுந்தகடும் கையோடு இருந்தால், முதல் நாள் எடுத்ததையே மறுநாள் மறுபடி எடுப்பது தவிர்க்கப்படும். தேவையற்ற ஸ்கேன்களில் மிக எளிதாகத் தடுக்கக்கூடியது இதுதான்.

கூடுதல் கவனம் வேண்டியவர்கள் அடிக்கடி படம் தேவைப்படும் பிள்ளைகள். மூளைநீர் வடிய ஷண்ட் குழாய் வைத்தவர்களுக்கு, குழாய் அடைத்ததா என்று பார்க்க முன்பு திரும்பத் திரும்ப சி.டி. எடுத்தார்கள், சில நிமிடங்களில் முடியும் விரைவு எம்.ஆர்.ஐ. கிடைக்கும் இடங்களில் அது இந்தச் சுமையைக் குறைத்திருக்கிறது. அத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் சிலர், முன்பே பலமுறை எடுத்தாயிற்று, இனி வேண்டாம் என்று தேவையான ஸ்கேனுக்கும் மறுத்துவிடுகிறார்கள். முன்பு வாங்கிய கதிர் அடுத்த ஸ்கேனின் அபாயத்தை மாற்றுவதில்லை. முதல் ஸ்கேனுக்கு இருந்த அதே சிறிய அபாயம்தான் அதற்கும். ஆகவே அடுத்த ஸ்கேன் எடுப்பதா வேண்டாமா என்பதைப் பழைய எண்ணிக்கை முடிவுசெய்யக் கூடாது. அன்றைக்குப் பிள்ளைக்கு இருக்கும் நோயின் தேவையே முடிவுசெய்ய வேண்டும்.